பத்தே முக்காலுக்கு

மணவாளக்குறிச்சி சந்திப்பில்
பேக்கரிக்கு மேலே என் கண்ட்ரோல் ரூம்.
ஒரு தொடர் ஊருக்குப் பிடித்துவிட்டதா என்று
கேபிள்காரனுக்கு எவரும் சொல்ல வேண்டாம்.
மழையில் ஒயர் அறுந்தால்
எத்தனை போன் வருகிறது, அதுதான் கணக்கு.

ஏழரை மணி மாமியாருக்கு நூற்றுப்பத்து.
அத்தனையும் திட்டு.

செவ்வாய் ராத்திரித் தொடருக்கு
முதல் மழையில் மூன்றே போன்.
கடியப்பட்டணம் செல்சி, அவள் கொழுந்தி ஜெரோமியா,
பேர் சொல்லாத ஓர் ஆண்குரல்.
மூவரும் திட்டவில்லை.
"அண்ணா, லிப்டு இண்ணைக்கு ஏழுல நிண்ணுதா?"
ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஆளை
விசாரிக்கிற மாதிரி.

ஆறு மாடிக் கட்டடம். லிப்டுக்காரன் ஒருவன்.
சில ராத்திரி லிப்டு ஏழாவதில் நிற்கும்.
இறங்கியவர் திரும்புவதில்லை.
நகை இல்லை, கல்யாணம் இல்லை,
அழும்போது வயலின்கூட இல்லை.
மோட்டார் பம்பு விளம்பரம் ஒன்றுதான் நடுவில்.
சேனலே அதை மறந்திருக்க வேண்டும்.

இரண்டாம் மழைக்கு நாற்பது போன்.

லிப்டுக்காரன் எல்லாரிடமும் சொல்வான்:
"தரை இருக்கான்னு பாத்து எறங்குங்க."
அதை முதலில் மினிபஸ் கண்டக்டர் எடுத்துக்கொண்டான்.
பிறகு ஏலக்கூடத்தில், சூரைமீனின் விலை சரிந்த அன்று.
பிறகு பிரசங்கத்தில் சாமியாரே சொல்லிவிட்டார்.
பாதிக் கோயில் சிரித்தது.
ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாத மறுபாதி
அடுத்த செவ்வாய் டிவிமுன் உட்கார்ந்தது.
அப்படித்தான் ஆள் சேர்ந்தது.
சிரிப்புக்கு வெளியே எத்தனை நாள் நிற்க முடியும்?

பண்டிகைக்குத் துணியெடுக்க நாகர்கோவில் போனவர்கள்
லிப்டுக்குள் பட்டன்களைத் தடவித் தடவி எண்ணினார்கள்.
மூன்று மாடிதான் கடை.
செல்சி, மீன்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
எந்த வாரம் யார் இறங்கினார்,
கையில் என்ன இருந்தது என்று எழுதி வந்தாள்.
குடை. டிபன்பாக்ஸ். ஒரு எக்ஸ்ரே கவர்.
ஏழாவது மாடி உத்தரிப்பு ஸ்தலம் என்றார் உபதேசியார்.
"சவம், அது துபாய்" என்றான்
லீவில் வந்திருந்த பெல்லார்மின்.
அடிதடி ஆகவிருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது.
ஜெரோமியாவின் கணவன் போன வள்ளம்
வரவில்லை.
பதினோராம் நாள் தேடுவதை நிறுத்தினார்கள்.
தாலுகா ஆபீஸ் தாளில் 'காணவில்லை' என்று இருந்தது.
கரையில் அந்த வார்த்தையை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.
"ஏழுல எறங்கிட்டான்" என்றார்கள்,
மெதுவாக, சிரிக்காமல்.
அந்தச் செவ்வாய் பத்து நாற்பதுக்கு அவள் போன்:
"இண்ணைக்கு வருமா அண்ணா?"

அறுபத்தோராம் வாரத்தோடு நிறுத்திவிட்டான் சேனல்காரன்.
முடிவு கிடையாது.
லிப்டுக்காரனே ஏழாவதில் கதவைத் திறந்து
ஒரு காலை வெளியே நீட்டுகிறான். இருட்டு.
மறுவாரம் அதே நேரத்தில் பழைய காமெடி.
அன்று மழையே இல்லை.
போன் மட்டும் விடிய விடிய.

என்னிடம் பதிவு இருந்தது.
கேபிள்காரனுக்கு ஆகாத காரியம்தான்.
இப்போது செவ்வாய்தோறும் என் லோக்கல் சேனலில்
ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் மரண அறிவிப்புக்கும் நடுவே
ஒன்றிலிருந்து அறுபத்தொன்று,
முடிந்ததும் மறுபடி ஒன்று.

போன வாரம் அறுபத்தொன்று.
காற்றில் ஒயர் அறுந்து,
டார்ச்சைப் பல்லில் கடித்துக் கம்பத்தில் ஏறினேன்.
இணைத்ததும் தெரு முழுக்க
ஜன்னல் ஜன்னலாய் நீலம்.
இறங்குவதற்குள் சட்டைப்பையில் போன்.

"அண்ணா, கால வச்சானா?"
"வச்சான் மக்களே."
"தரை இருந்துதா?"

மழைச் சத்தத்தில் கேட்காதவன் மாதிரி
போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.
அவளும் வைக்கவில்லை.